அக்காவுக்கு ஒரு பின்னல்

பள்ளிக்கூட நாட்களில் காலை ஏழரை மணிக்கு அக்காவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். குன்னூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கி எடுத்து வருவாள். தலைவாரி, முடியை மூன்று காலாகப் பிரித்து, இழுத்துப் பின்னுவாள். "அவிழ்த்துவிட்டா இடுப்பு வரைக்கும் வருதே, பின்னினா மட்டும் ஏன்க்கா மேல ஏறிடுது?" என்று ஒருநாள் கேட்டேன். "பின்னினா குறையத்தாண்டி செய்யும்" என்றாள்.

அந்த ஒரு வரிதான் கேபிள் ஸ்வெட்டரின் கணக்கு முழுவதும். அது எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

கேபிள் என்பது கம்பளியில் போடும் ஜடை. ஊசியில் இருக்கும் கண்ணிகளில் சிலவற்றைக் கேபிள் ஊசி என்கிற குட்டி ஊசிக்கு மாற்றி, துணிக்கு முன்னாலோ பின்னாலோ நிறுத்திவைக்கிறோம். அடுத்த கண்ணிகளை முதலில் பின்னிவிட்டு, நிறுத்தியவற்றைப் பிறகு பின்னுகிறோம். வரிசை மாறியதால் ஒரு கால் இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்கிறது. முன்னால் நிறுத்தினால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் நிறுத்தினால் வலப்பக்கம். ஆறு கண்ணிக் கயிறு என்றால் மூன்றை மூன்றின் மேல் ஏற்றுகிறோம். ஆறு வரிசைக்கு ஒருமுறைதான் இந்த மாற்றம். நடுவில் வருகிற ஐந்து வரிசையும் வெறும் பின்னல்தான். ஆனால் அந்த ஐந்து இல்லையென்றால் கயிறு வளையாது, கட்டையாக விறைத்து நிற்கும்.

அக்காவுக்கு நான் பின்னிய ஸ்வெட்டரின் முன்பக்க நடுவில் ஒன்பது கண்ணி ஜடை, அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு கயிறு என்று வைத்துக்கொண்டேன். ஜடையில் நான்கு வரிசைக்கு ஒருமுறை நடுக்கால் வெளியே போகும், ஒருமுறை வலப்புறம், மறுமுறை இடப்புறம். அக்கா என் தலையில் பின்னியதோ நேர்மாறு. அவள் கையில் ஓரக்கால்தான் நடுவுக்கு வரும். எங்கோ பிசகிவிட்டதோ என்று முதலில் குழம்பினேன். ஊசியோடு தலைகீழாகத் திருப்பிப் பார்த்ததும் விளங்கியது. தலைமுடியை மேலிருந்து கீழே பின்னுகிறோம், ஸ்வெட்டரைக் கீழிருந்து மேலே. ஜடை ஒன்றேதான்.

நூலுக்குச் சந்தன நிறம் எடுத்தேன். கேபிளின் அழகு நிழலில் இருக்கிறது. கருநீலத்திலும் கறுப்பிலும் அந்த நிழல் மறைந்துபோகும். நல்ல முறுக்குள்ள ஆட்டுக் கம்பளியே இதற்கு ஏற்றது. அதற்கு மீள்திறன் உண்டு, கயிற்றை எழும்பி நிற்கவைக்கும். அக்ரிலிக் விலை குறைவு, துவைக்கவும் எளிது. ஆனால் ஒரே ஒருமுறை சூடான இஸ்திரி பட்டாலும் கேபிள் படுத்துவிடும், பிறகு எழாது.

அடுத்தது மாதிரித் துண்டு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகிற இடம் இது. நான் இரண்டு துண்டு பின்னினேன், ஒன்று சாதாரணப் பின்னல், மற்றது கேபிள். இரண்டையும் தண்ணீரில் நனைத்து, துவாலையில் ஒற்றி, விரித்து உலரவிட்ட பிறகே அளந்தேன். 5 மி.மீ. ஊசியில் சாதாரணப் பின்னல் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தது. அதே நூல், அதே ஊசி, அதே கை, ஆனால் கேபிளில் 24. அக்கா சொன்னதுதான். பின்னினால் குறையும்.

அக்காவின் மார்புச் சுற்று 92 செ.மீ. தடித்த பின்னல் உடம்பை ஒட்டி நிற்கக் கூடாது என்பதால் 8 செ.மீ. தளர்வு கொடுத்தேன். ஆக முன்பக்கம் 50 செ.மீ. சாதாரணப் பின்னலென்றால் 90 கண்ணி போதும். என் கேபிள்களில் 33 கண்ணி இருந்தன. அவை ஏறக்குறைய நாலரை செ.மீ. அகலத்தை விழுங்கிவிடும். எனவே அடியில் ரிப் என்கிற விளிம்புப் பட்டை முடிகிற வரிசையில், கேபிள்கள் தொடங்கும் இடங்களில் பகிர்ந்து 8 கண்ணி கூட்டினேன். மேலே தோளிலும் கழுத்திலும் முடிப்பதற்கு முன் அதே 8 கண்ணியைக் குறைத்தேன். குறைக்காவிட்டால் முறுக்கு நின்ற இடத்தில் துணி விரிந்து அலைபாயும். முறுக்கு கேட்கிற இடத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் பின்னிய ஸ்வெட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பீரோவுக்குள்தான் கிடக்கும்.

பெண்ணுடம்புக்குப் பின்னும்போது இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இடுப்புக் குறைப்பைக் கேபிள்மேல் கைவைக்காமல், இரு ஓரங்களிலும் உள்ள பர்ல் என்கிற மறுபுறப் பின்னல் பத்திகளில் செய்தேன். வெளியே தெரியவில்லை. மார்புக்கு முன்பக்கம் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவை. இல்லையென்றால் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு ஓரப் பத்திகளில், பாதியில் திருப்பிப் பின்னும் சில அரை வரிசைகளைச் செருகினேன். அங்கும் கயிறுகளைத் தொடவில்லை.

முன்பக்கம் பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ஒரு மாலை விளக்கை ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது கண்ணில் பட்டது. இடப்பக்கக் கயிற்றில் ஓர் ஏற்றம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. முன்னால் நிறுத்த வேண்டியதைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் 18 வரிசை போயிருந்தது. எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை. அந்த ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறு நடந்த வரிசை வரைக்கும் இறக்கினேன். இழைகள் ஏணிப்படிபோலக் குறுக்கே நின்றன. இரண்டு குட்டி ஊசிகளால் சரியான பக்கம் மாற்றிப் போட்டு, அடிப்படியிலிருந்து ஒவ்வோர் இழையாக எடுத்து மேலே பின்னிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இழுப்பு அங்கங்கே ஏறுமாறாக இருந்தது. நனைத்து உலர்த்தியபோது கம்பளி அதைத் தானாகவே சமன் செய்துகொண்டது.

கேபிள் ஸ்வெட்டரின் ஊராகச் சொல்லப்படுவது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆரன் தீவுகள். அங்கே குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, கடலில் இறந்த மீனவரை அதைவைத்து அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அது உண்மையல்ல. அந்த ஸ்வெட்டரின் இன்றைய வடிவமே இருபதாம் நூற்றாண்டில் உருவானது. தீவுப் பெண்கள் வருமானத்துக்காக அதைப் பின்னி விற்றார்கள். கதைக்கு வித்தாகக் கருதப்படுவது ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த ஸீ' நாடகம். அதில் வருவது ஸ்வெட்டரே அல்ல, ஒரு காலுறை. இறந்தவனின் தங்கை அதன் கண்ணிகளை எண்ணுகிறாள். போட்டது அறுபது, நழுவவிட்டது நான்கு. தான் பின்னியது என்று அதில் தெரிந்துகொள்கிறாள். எனக்கு இந்த உண்மைதான் பெரிதாகப் படுகிறது. அவளுக்கு அடையாளம் சொன்னது அவள் கை தவறவிட்ட இடம். அக்காவின் ஸ்வெட்டரில் அந்த 18 வரிசை எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியும், தொட்டுப் பார்த்தே சொல்வேன்.

பின்பக்கத்தில் கேபிள் வைக்கவில்லை. 90 கண்ணியும் சாதாரணப் பின்னல். "ஏன் பின்னாடி மட்டும் வெறுமையா விட்டுட்ட?" என்று கேட்டுக்கொண்டே அக்கா தலைவழியாகப் போட்டாள். கழுத்து தாராளமாக இறங்கியது. இரு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட ஜடையை வெளியே இழுத்துவிட்டாள். பாதிக்கு மேல் நரைத்த, இன்னும் இடுப்பைத் தொடுகிற ஜடை, நான் விட்டுவைத்த இடத்தில் விழுந்தது.