கோட்டம் எடுக்கிறவர்

சென்ற மாசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் என் நண்பர் சைக்கிளோடு விழுந்தார். கல்லும் வேருமாகப் படிக்கட்டுபோல இறங்கும் தடம். ஆள் முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்துக்கொண்டார். பின்சக்கரம் அப்பளமாகிவிட்டது. சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் கொடுத்து முன்பக்க ஃபோர்க்கைப் புதிதாக மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "மேட்டுப்பாளையத்துல ஒருத்தர் இருக்கார், கோட்டம் எடுக்கறதுல அவர மிஞ்ச ஆள் இல்லைங்கறாங்க. வர்றியா?" என்று கேட்டார். மணிக்கு ஐம்பது பைசா கொடுத்து வாடகை சைக்கிளில் பழகியவன் நான். சக்கரத்தின் கோணலைச் சொல்லும் கோட்டம் என்ற சொல்லைக் காதால் கேட்டே இருபது வருடம் இருக்கும். கிளம்பிவிட்டேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அரசு இலவச சைக்கிள்கள் ஐந்தாறு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. நடுவே யாருடையதோ எழுபதாயிரம் ரூபாய் மலைச் சைக்கிள் தலைகீழாக நின்றது. இரண்டு வகைக்கும் அதே கை, அதே ஸ்பேனர். கடைக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் போட வேண்டாம் என்றார். "மாஸ்டர்னே எழுதிக்கோங்க சார், ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

நண்பரின் சக்கரத்தை மடியில் வைத்து, கம்பிகளைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டினார். ஒன்று 'டிங்' என்றது, அடுத்தது 'டொப்' என்றது, மூன்றாவது வாயே திறக்கவில்லை. "இது கம்பெனில மிஷின் கட்டுன வீலுங்க. கடைக்கு வந்ததும் ஒருக்கா இழுத்துப் பிடிச்சிருக்கணும். யாரும் பிடிக்கல. ஃபோர்க்கு நல்ல ஃபோர்க்குதான், அதக் குத்தம் சொல்லல. வாசக்கதவத் தேக்குல போட்டுப்போட்டு அஸ்திவாரத்த மண்ணுல விட்ட கதைங்க இது."

ஸ்போக்ஸ் கம்பி எடையைத் தூண்போலக் கீழிருந்து தாங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2 மில்லிமீட்டர் கம்பியை நிறுத்தி அழுத்தினால் வளைந்துவிடும். அதன் பலமெல்லாம் இழுப்பில் இருக்கிறது. 32 கம்பியும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. தரையைத் தொடும் இடத்துக் கம்பிகளில் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இழுப்பு கொஞ்சம் குறையும். முறுக்காகக் கட்டிய சக்கரத்தில் குறைந்த பிறகும் மிச்சம் இருக்கும். தளர்ந்த சக்கரத்தில் கம்பி அடியோடு தொய்ந்து, மறுகணம் வெடுக்கென்று இழுபடும். கல் பாதையில் ஆயிரமாயிரம் தடவை இப்படித் தொய்ந்து இழுபட்டால் ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் அறுந்துபோகும். ரொம்ப இறுக்கினால் கம்பி அறுந்துவிடும் என்று பயந்து தளர விடுகிறோம். அந்தத் தளர்ச்சிதான் அதை அறுக்கிறது.

பழைய ஹப்பையும் அவர் ஒதுக்கினார். மலிவு விலை மலைச் சைக்கிள்களில் பல்சக்கரம் மொத்தமும் திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். வெளியே துருத்தி நிற்கும் ஆக்ஸில் ஒவ்வொரு குதிப்புக்கும் தனியாக அடி வாங்கி வளையும். கேசட் வகை ஹப்பில் குண்டுகள் ஃபிரேமின் ஓரம்வரை தள்ளி வந்து தாங்கும். வளைந்த ஆக்ஸிலைக் கழற்றி மேசைமேல் உருட்டிக் காட்டினார். நொண்டி நொண்டி உருண்டது.

பிறகு அந்தச் சாவியை எடுத்தார். ஸ்போக் கீ. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தகடு, ஓரத்தில் அளவு அளவாக வெட்டு. நிக்கல் பூச்சு போய், விரல் படும் இரண்டு இடங்களில் இரும்பே பள்ளம் விழுந்திருந்தது. பன்னிரண்டு வயதில் காரமடையில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தாராம். முதல் ஒரு வருடம் காற்றடிப்பதும் டீ வாங்குவதும்தான். இரண்டாம் வருடம் முதலாளி ஒரு பழைய ரிம்மையும் ஒரு கட்டுக் கம்பியையும் கொடுத்து, "கோத்துட்டு வா, அப்பறம் சோறு" என்றாராம். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் சாப்பிட்டதாகச் சொன்னார். வாடகை சைக்கிள் தொழில் படுத்துக் கடையை மூடிய அன்று, பாக்கிக் கூலிக்குப் பதிலாக முதலாளி கையில் வைத்தது இந்தச் சாவி. "அன்னைக்குக் கோவமாத்தான் வாங்கிட்டு வந்தேன். இப்ப யாரு கேட்டாலும் இரவல்கூடக் குடுக்க மாட்டனுங்க."

புது ஹப்பில் கம்பிகளைக் கோத்தது கால் மணி நேரம். ஒவ்வொரு கம்பியும் எதிர்த்திசைக் கம்பிகள் மூன்றைக் கடந்து ரிம்முக்குப் போகிறது. எது மேலே எது கீழே என்று நான் தொடர்ந்து பார்த்தும் பிடிபடவில்லை. நிப்பிள் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். பழைய ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாக வைஸில் இறுக்கியிருந்தார், அதுதான் அவருடைய ஸ்டாண்ட். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு துண்டுச் சாக்பீஸை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அங்கே எதிர்ப்பக்கக் கம்பிக்குக் கால் சுற்று. கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சாக்பீஸ். ஒரு சாண் நீளக் கோடு நாலு விரற்கடையாகி, ஒரு நகத்தளவாகிக் கரைந்தது. நடுநடுவே பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கையால் நெரித்தார். 'கிணுக் கிணுக்' என்று முறுக்கு விடுபடும் சத்தம். "இப்ப நெரிக்கலைன்னா பாதி வழில அதுவா விட்டுக் குடுத்துரும்." நண்பர் இழுப்பை அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். செயின் பக்கக் கம்பிகள் எல்லாம் 110 கிலோவை ஒட்டியே காட்டின. மாஸ்டர் அந்தக் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மாரின் கவுன்டியில், பைன் மலைச் சரிவில் 1976-ல் தொடங்கிய ரீபேக் பந்தயத்தைப் பற்றி அப்போது அவரிடம் சொன்னேன். காரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்றவர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களில் மண் பாதையில் சுமார் 1,300 அடி இறங்குவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஹப்புக்குள் இருக்கும். கீழே வருவதற்குள் அதன் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் பந்தயத்துக்கே அந்தப் பெயர். டிரம் பிரேக், மோட்டார் சைக்கிள் பிரேக் பிடி, கியர் என்று அவர்கள் பழைய வண்டியில் மாற்றிக்கொண்டே போனதில் பிறந்ததுதான் மலைச் சைக்கிள். மாஸ்டர் கையை நிறுத்தாமல் கேட்டார். "அவங்களும் நம்மாட்டப் பழைய சாமான வெச்சுத்தான் ஆரம்பிச்சிருக்காங்க" என்றார்.

சுவரில் மூன்று ரிம்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் ஒரு பெயர். நகரத்துப் பெரிய கடை ஒன்று பஸ்ஸில் போட்டு அனுப்புகிற வேலை. ஒரு பெயரைப் பார்த்ததும் நண்பர் முகம் மாறியது. அவரோடு சைக்கிள் ஓட்டுகிறவர். போன மாதம் இதேபோல் ஒரு சக்கரம் கட்ட அந்தக் கடை போட்ட பில்லை நண்பரே பார்த்திருக்கிறார், கூலி மட்டும் இரண்டாயிரம் ரூபாய். மாஸ்டருக்கு அதில் வந்து சேர்வது முந்நூற்றைம்பது. பஸ்காரருக்குக் கொடுப்பதும் அதற்குள்தான்.

எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது. விற்கிறவர் லாபம் வைக்கட்டும், கடை வாடகையும் கரண்ட் பில்லும் அவருக்கும் உண்டு. ஆனால் ஒருவன் மலைச்சரிவில் உயிரை நம்பி ஏறுகிற சக்கரத்தைக் கட்டியவர் யார் என்பதையே மறைத்து, அந்தக் கையின் கூலியில் ஆறில் ஐந்து பங்கை எடுத்துக்கொள்வது வியாபாரம் ஆகாது. அந்தக் கடைக் கண்ணாடி அலமாரியில் ஃபோர்க்குக்கு விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்று பையன் மனப்பாடமாய்ச் சொல்வான். கம்பி இழுத்திருக்கிறதா என்று ஒருவரும் சுண்டிப் பார்ப்பதில்லை. வாங்குகிற நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. மாஸ்டரின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். இந்தத் தொழிலுக்கு வரச் சொல்ல இவருக்கே மனசில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஃபோர்க் 120 மில்லிமீட்டர் அமுங்குவது, ஃபிரேமோ 100-க்கு அமைத்தது. 20 மில்லிமீட்டர் கூடினால் ஹேண்டில் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும், ஃபிரேமின் கழுத்தும் கூடுதலாக வாங்கும். உள்ளே ஏதோ தண்டை மாற்றி 100-க்கு இறக்கினார். 2.1 அங்குல டயரை எடுத்துவிட்டு 2.35 போட்டார். டியூப் இல்லாமல், உள்ளே பஞ்சர் அடைக்கும் பால். காற்று நாற்பது பிஎஸ்ஐ-யிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கியது. கல்லில் மோதி டியூப் ரிம்முக்கு அடியில் சிக்கி விழுகிற இரட்டைப் பஞ்சருக்கு இனி இடமில்லை, வேலமுள்ளுக்கும் பால் வேலை செய்யும். ஒயர் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் ஆயில் பிரேக். அதன் காற்றெடுக்கும் நேரத்தில் நான் எதிர்க் கடைக்கு டீ சொல்லப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கவனித்தது ஒன்று: மினரல் ஆயில் ஒரு தட்டில், டாட் ஆயில் வேறு சுவரில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கூலி கேட்டதற்கு முந்நூற்றைம்பது என்றார். நண்பர் இரண்டாயிரத்தை நீட்டினார். நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகு ஆயிரத்தை வாங்கிக்கொண்டார். "ரெண்டு ஞாயித்துக்கெழம ஓட்டிப்போட்டு வாங்க, மறுக்கா ஒரு பிடி பிடிக்கோணும்."

மூன்றாவது ஞாயிறு போனோம். அதே தோட்டப் பாதையில் இறங்கி நேராக மேட்டுப்பாளையம். டயரெல்லாம் செம்மண். வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றாமலே நகத்தால் ஒரு சுற்று சுண்டிக்கொண்டு வந்தார். நாலு கம்பியில் நின்றார். ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. மறுபடி சுண்டினார்.

பள்ளிச் சீருடையில் இல்லாத ஒரு பெண் அரசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "மாமா, பின்னால ஒரசுது" என்றாள். எங்கள் வண்டியை நிமிர்த்தி நண்பரிடம் கொடுத்துவிட்டு, சாக்பீஸைத் தேட ஆரம்பித்தார்.