கொடியில காஞ்ச வேட்டியும் சிவந்த வானமும்

துருவ ஒளி பாக்கணும்னு கடன் அட்டையைத் தேச்சு நார்வேயில டிராம்சோ வரைக்கும் போனவன் நான். மூணு ராத்திரியும் மேகத்தைப் பாத்து, மூக்கு ஒழுகத் திரும்பி வந்தேன். அதே ஒளி இங்கிலாந்துல ரெடிங்ல, என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கே வந்த கதை இது.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. ராத்திரி பத்தரை மணி. வழக்கம் போல நான் பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். கொடியில மறந்துபோன வேட்டியை எடுக்க அப்பா வெளியே போனார். மே மாசத்துலயும் குரங்குக் குல்லா!

"தம்பி, வானம் ஒரு மாதிரி செவப்பா இருக்குடா. எங்கயோ தீப்பிடிச்சிருக்கு போல."

"அது தெருவிளக்குப்பா. உள்ள வாங்க, குளுருது."

முக்கால் மணி நேரம் கழிச்சு ஆபீஸ் நண்பன் ஒரு படம் அனுப்பினான். பாத்ததும் செருப்புகூடப் போடாம ஓடினேன். அப்பா இன்னும் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தார், தோள்ல வேட்டியோட.

கண்ணுக்கு வெளிறின ரோஸ் கலர் புகை மாதிரிதான் தெரிஞ்சுது. போன்ல எடுத்தா செக்கச்செவேல்னு இருக்கு! இருட்டுல நம்ம கண்ணுக்கு நிறம் சரியாப் பிடிபடாது. கேமரா மூணு செகண்ட் வெளிச்சத்தைச் சேத்து வெச்சுக் காட்டும். குப்பைத்தொட்டி மேல போனைச் சாத்தி வெச்சேன். ஐஎஸ்ஓ 1600, மூணு செகண்ட். ஆட்டோஃபோகஸ் இருட்டுல திணறும், அதனால ஒரு நட்சத்திரத்தைப் பாத்து கையால ஃபோகஸ் பண்ணிக்கணும். ரொம்ப நேரம் திறந்து வெச்சா ஒளித்தூண் எல்லாம் கரைஞ்சு கூழாயிடும்.

கொஞ்ச நேரத்துல உச்சந்தலைக்கு மேலேயே கதிர் கதிரா விரிஞ்சுது. அப்பாவுக்கு விளக்கம் கொடுத்தேன். பூமியை விடப் பல மடங்கு பெரிய சூரியப் புள்ளி ஒண்ணு, அடுத்தடுத்து வாரி இறைச்ச பிளாஸ்மா. நூறு கிலோமீட்டர் உயரத்துல ஆக்ஸிஜன் பச்சையா ஒளிரும், இருநூறுக்கு மேல சிவப்பு. 2003 அக்டோபருக்கு அப்புறம் இவ்ளோ பெரிய காந்தப்புயல் இப்பதான்...

எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். மின்வாரியத்துல முப்பது வருஷம் லைன் பாத்தவர்.

"இவ்ளோ பெரிய காந்தம் ஆடுதுன்னா நம்ம லைன்ல கரண்ட் ஏறாதா? டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. கொஞ்சம் தள்ளுங்க, படத்துல விழறீங்க."

தள்ளி நின்னார். அப்புறம் எதுவும் கேக்கலை.

மறுநாள் சும்மா தேடினப்ப கண்ணுல பட்டுது. 1989 மார்ச் 13, கனடாவுல கியூபெக். காந்தப்புயல் நீளமான லைன்கள்ல டிசி மாதிரி ஒரு கரண்ட்டை ஓட்டி விட்டிருக்கு. அது எர்த் வழியா டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள ஏறி, கோர் சாச்சுரேட் ஆகி, ஒண்ணொண்ணா ட்ரிப் ஆகி, ஒண்ணரை நிமிஷத்துல மாகாணமே இருட்டு. அறுபது லட்சம் பேருக்குக் கரண்ட் இல்லை.

டிரிபிள்-ஈ படிச்சது நான். சரியான கேள்வியைக் கேட்டது பத்தாவது படிச்ச அப்பா.

ஞாயித்துக்கிழமை அவருக்கு ஃபிளைட். ஏர்போர்ட்ல சொல்லணும்னு நினைச்சேன். பெட்டி எத்தனை கிலோ, பாஸ்போர்ட் எந்தப் பையிலன்னே பேசி அனுப்பிட்டேன். எடுத்த இருநூத்திச் சொச்சம் படத்துல அப்பா இருக்கறது ஒண்ணுதான். அதுவும் தள்ளிப் போகும்போது, அசைஞ்சு, பாதி உருவமா.

2024 அக்டோபர் 10 ராத்திரி மறுபடியும் வானம் சிவந்துது. அந்த நேரத்துல திருச்சிக்குப் போன் போட்டா பதறிடுவார். படத்தை மட்டும் அனுப்பி, "மே மாசம் நீங்க கேட்டது சரிதான்ப்பா"ன்னு கியூபெக் கதையையும் எழுதி அனுப்பினேன்.

காலையில அவரே கூப்பிட்டார்.

"படம் நல்லாருக்கு தம்பி. அந்த ஊர்ல சப்ளை எப்ப வந்துச்சாம்?"

"ஒம்பது மணி நேரத்துலப்பா. முக்கால்வாசிப் பேருக்கு."

கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"பரவாயில்லையே. நல்ல வேலைக்காரங்க."