கண்ணுக்குத் தெரியும் வேலி

தோட்டப்புறத்தில் வாழும் ஒரு பெண்ணுக்கு லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலம் எவ்வளவு பெறுமதியானது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு இலகுவில் விளங்காது. அந்த நிலத்துக்கு எங்களிடம் உறுதி கிடையாது. அளந்து பார்த்தால் நாலைந்து பேர்ச்சஸ் தேறும். ஆனால் அதில் காய்க்கும் போஞ்சியும், அதில் விளையும் மரவள்ளியும், அங்கே மேயும் கோழிகள் இடும் முட்டையும்தான் மாதக் கடைசியில் எங்கள் அடுப்பை எரிய வைக்கின்றன. சம்பளக் காசு கடைக் கணக்குக்கும் கடனுக்கும் போய்விடும். முட்டைக் காசு மட்டுமே பெண்ணின் கையில் நிற்கும்.

நான் பசறைப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். இப்போது எனது தொழில் அந்தத் துண்டு நிலம்தான். என்னோடு காலஞ்சென்ற எனது அக்காவின் மகள் இருக்கிறாள். அக்கா குடும்பம் 1977ஆம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு பதுளையை விட்டு வவுனியாவுக்குப் போனது. அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறியது. 2009இல் அவர்கள் பட்டதையும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்ததையும் நான் இங்கே விபரிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலருக்கு அது சொந்தக் கதைதான். மீள்குடியேறிய அடுத்த வருடம் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் அவளது வலது கால் கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. செயற்கைக் காலோடு அவள் எங்கள் லயத்துக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது.

அந்தத் துண்டு நிலத்தை நம்பி வாழ்வது நாங்கள் மட்டும் அல்ல. இருட்டிய பிறகு வேறு ஆட்களும் வருவார்கள். காட்டுப்பன்றி கூட்டமாக வந்து மரவள்ளிப் பாத்தியை உழுதுவிட்டுப் போகும். முள்ளம்பன்றி கிழங்கைக் கடித்துத் தின்னும். மரநாய் கூரையில் ஓடும். மலையில் நரி ஊளையிட்டால், அன்று இரவு கோழிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அம்மா காலத்திலேயே சொல்வார்கள். முன்பைவிட இப்போது இவை அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. பல தோட்டங்களில் தேயிலை மலைகள் பராமரிப்பின்றி விடப்பட்டுக் காடாகிக் கிடக்கின்றன. அந்தப் புதர்கள் லயத்துக்கு மிக அருகில் வந்துவிட்டன. பகலில் அங்கே படுத்திருக்கும் பன்றிக்கு இரவில் எங்கள் பாத்தி நாலு எட்டுத் தூரம்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஐப்பசி மழை நேரம் மூன்று இரவில் ஏழு கோழிகள் போயின. ஈர மண்ணில் நாயின் தடம் போலச் சின்னத் தடம் இருந்தது. நரிதான். அதே வாரம் பன்றியும் வந்து அறுவடைக்கு இருந்த மரவள்ளியைப் புரட்டிப் போட்டது. ஏழு கோழி என்பது எங்களுக்கு ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவு. கோபம் வராமல் இருக்குமா?

கீழ் லயத்துத் தம்பி ஒருவர், எங்கள் மேல் உள்ள அன்பினால், மோட்டார் சைக்கிள் கிளச் வயரில் செய்த நாலு சுருக்குகளைக் கொண்டு வந்தார். "ரெண்டு பன்னி மாட்டுச்சுன்னா மத்ததெல்லாம் இந்தப் பக்கமே வராது அக்கா" என்றார். புதருக்குள் பன்றி நடக்கும் தடத்தில் வைத்து, இலையைப் போட்டு மூடிவிட வேண்டும் என்று காட்டினார்.

அக்கா மகள் வாசலில் உட்கார்ந்து காலைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சில் இன்னும் வன்னித் தமிழ் கலந்திருக்கும். "இலையால மூடி வைக்கிற ஒண்டும் இந்த வளவுக்குள்ள வேண்டாம் அண்ணா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "பன்னிக்குத்தானேம்மா வைக்கிறோம்" என்றார். அவள், "எனக்கு வைச்சவையும் எனக்கெண்டு நினைச்சு வைக்கேல்லத்தானே" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பிகளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அவள் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். சுருக்குக்குக் கண் கிடையாது. அந்தத் தடத்தில் நாயும் நடக்கும், பால் மாடும் நடக்கும், விறகுக்குப் போகும் பெண்ணும் நடப்பாள், பந்து தேடிப் போகும் பிள்ளையும் நடக்கும். 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் மரக்கறித் தோட்டம் ஒன்றின் அருகே ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் மிருகம் அது. வனஜீவராசிகள் திணைக்களத்தினர் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும், சில நாட்களில் கழுத்துக் காயத்தால் இறந்துவிட்டது. அந்தக் கம்பியை வைத்தவர் நினைத்தது பெரும்பாலும் பன்றியைத்தான் இருக்கும். மலையகத்தில் பல சிறுத்தைகள் இப்படித்தான் சாகின்றன. பன்றியைத் தின்னக்கூடிய பெரிய மிருகம் எமது மலைகளில் சிறுத்தை ஒன்றுதான். பன்றிக்கு வைத்த சுருக்கு, பன்றியின் எதிரியையே கொன்றுவிடுகிறது.

சுருக்கைவிட மோசமானவையும் இருக்கின்றன. ஹக்க பட்டாஸ் என்று சொல்லும் வெடியைப் பூசணிக்காய் போன்ற தீனிக்குள் மறைத்து வைப்பார்கள். கடித்தால் வாயில் வெடிக்கும். பன்றிக்கு வைத்ததைத் தின்று வாய் சிதைந்து, சாப்பிட முடியாமல் பட்டினியால் சாகும் யானைக் குட்டிகள் எத்தனையோ. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலி போடுவோரும் உண்டு. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம், அதில் மனிதர்கள் செத்த செய்தி ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் வருகிறது. அநேகமாகச் சாவது வைத்தவரோ, அவர் வீட்டு ஆளோ, அயலவரோதான்.

மண்ணுக்குள் மறைத்து வைத்ததை எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது வடக்கில் உள்ள சகோதரிகளுக்குத் தெரியும். முகமூடிக் கவசத்தோடு வெயிலில் முழந்தாளில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி மிதிவெடி அகற்றியவர்களில் பெண்கள் ஏராளம். கணவனை இழந்து குடும்பத்தைச் சுமந்த பெண்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக்கும் மண்ணில், ஒரு கோழிக்காக நாம் மறுபடியும் எதையும் மறைத்து வைக்கலாமா?

அப்படியென்றால் கோழியைப் பறிகொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கோழிக்கூடு. பழைய கூட்டில் இருந்தது மெல்லிய கோழி வலை. நரி அதைப் பல்லால் கிழிக்கும், அடியில் மண்ணைத் தோண்டியும் நுழையும். முட்டைக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கெட்டியான வெல்ட் மெஷ் கம்பி வலை வாங்கினோம். சுவரோடு நிறுத்தாமல் அடியில் ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் அடுக்கினோம். சுவருக்குப் பக்கத்தில் தோண்டும் நரிக்குக் கம்பிதான் தட்டுப்படும். அது பின்னால் போய்த் தோண்ட நினைக்காது. கதவுக்குத் தட்டினாலும் திறக்காத கொக்கி போட்டோம். எல்லாவற்றையும்விட முக்கியம், பொழுது சாயுமுன் கோழிகளை அடைத்து எண்ணிப் பார்ப்பது. இது அக்கா மகளின் வேலை. ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இரண்டாவது, வாசனை. கோழி வெட்டிய குடல், மீன் கழுவிய தண்ணீர், மிஞ்சிய சோறு, விழுந்து அழுகிய பலாப்பழம், இவைதான் இரவில் வருபவர்களுக்கு நாம் அனுப்பும் அழைப்பிதழ். குடலை ஆழமாகப் புதைக்கிறோம். பசளைக் குழியைத் தகரத்தால் மூடி வைக்கிறோம். நாய்க்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விடுவதில்லை. ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது என்று லயத்துப் பெண்கள் எல்லோரையும் மாதர் சங்கக் கூட்டத்தில் கூட்டிப் பேசினோம். பத்துக் காம்பராவில் எட்டு வீடு ஒத்துக்கொண்டது.

மூன்றாவது, பாத்திகளை மாற்றிப் போட்டோம். கிழங்கு வகைகள் முழுவதையும் வீட்டுச் சுவரோரமாகக் கொண்டுவந்தோம். மிளகாய், போஞ்சி போன்றவற்றைப் புதர்ப் பக்கம் போட்டோம். கிழங்குப் பாத்தியைச் சுற்றிப் பழைய தகரத்தை நிறுத்தி, அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கிக் கல்லால் இறுக்கினோம். பன்றி மூக்கால் கீழிருந்து தள்ளும் மிருகம். அடி இறுகியிருந்தால் அதற்குச் சிரமம். தகரம் போதாத இடத்தில் பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டினோம். தமிழ்நாட்டிலும் விவசாயிகள் பன்றிக்குச் சேலை வேலி கட்டுவார்கள். அது காற்றில் ஆடுவதையும், ஆள் வாசனை அடிப்பதையும் கண்டு பன்றி தயங்கும். ஆனால் கொஞ்ச நாளில் பழகிவிடும். அதனால் இடத்தையும் சேலையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தகர டப்பாவைக் கட்டிச் சத்தம் எழுப்பும் வேலையும் அப்படித்தான். அறுவடை நெருங்கும் இரண்டு வாரம் மட்டும் முறை வைத்து ஒருவர் டோர்ச் லைட்டோடு சுற்றி வருகிறோம்.

அக்கா மகளோடு கிளிநொச்சியில் படித்த சிநேகிதி ஒருத்தி இப்போது லண்டனில் இருக்கிறாள். போனில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இஞ்சையும் வீட்டுக்குப் பின்னால நரி வருது" என்று சொன்னாளாம். எங்களால் நம்ப முடியவில்லை. விசாரித்துப் பார்த்தால் உண்மைதான். அங்கே உள்ளது செந்நரி, எமது நாட்டு நரி வேறு இனம். 1930களில் நகரத்தைச் சுற்றித் தோட்டம் உள்ள வீடுகள் பெருகியபோது அவை ஊருக்குள் வந்து தங்கிவிட்டன. கொன்று குறைக்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஒரு நரி செத்தால் அதன் இடத்துக்கு அடுத்த நரி வந்துவிடும். குப்பைப் பையும் கோழிக்கூடும் திறந்திருக்கும்வரை அந்த இடம் காலியாக இருக்காது. ஆகவே அங்குள்ளவர்களும் குப்பையை மூடிக்கொள்கிறார்கள், கூட்டைப் பலப்படுத்துகிறார்கள். கொட்டிலுக்கு அடியில் குட்டி போட்டிருந்தால், குட்டிகள் வளர்ந்து வெளியேறும்வரை பொறுத்து, பிறகு ஓட்டையை அடைக்கிறார்கள். பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் 2023இலும் ஸ்கொட்லாந்தில் 2024இலும் சுருக்கு வைப்பதையே சட்டத்தால் தடை செய்துவிட்டார்கள். பணக்கார நாடும் எமது லயமும் வந்து சேர்ந்த முடிவு ஒன்றாக இருந்தது எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நரியால் நன்மையும் உண்டு. அது எலியைத் தின்னும், செத்து நாறும் மிருகங்களைத் தின்று இடத்தைச் சுத்தமாக்கும். நரிக்கொம்பு வைத்திருந்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்போர் எமது சமூகத்தில் இன்றும் இருக்கிறார்கள். கொம்பு வைத்திருந்த நரியையே அது காப்பாற்றவில்லையே என்று எங்கள் அம்மா கேட்பார்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். பட்டப்பகலில் ஆளுக்குப் பயப்படாமல் தள்ளாடி வரும் நரிக்கு விசர்நோய் இருக்கலாம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். நரியோ, கீரியோ, நாயோ கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டு நாய்க்கும் வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள். சுருக்கில் மாட்டிய மிருகத்தைக் கண்டால் கிட்டப் போகாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இவ்வளவு செய்தும் எல்லாம் தப்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வருடம் பகலில் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. பன்றி ஒரு இரவு தகரத்தைச் சாய்த்துவிட்டுக் கால்வாசிக் கிழங்கைத் தின்றது. முக்கால்வாசி எங்களுக்கு மிஞ்சியது. ஏழு கோழியாகக் குறைந்து நின்ற கூட்டில் இப்போது பதினெட்டு கோழிகள் இருக்கின்றன. நரியின் ஊளை இன்னும் கேட்கிறது. கீழ் லயத்துத் தம்பியும் தனது பாத்தியைச் சுற்றித் தகரம் நிறுத்திவிட்டார்.

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மீண்டும் கொல்லை போட்டு வாழும் சகோதரிகளே, உங்கள் வளவுக்கும் பன்றி வரும், குரங்கு வரும், மயில் வரும். எமது உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை எமக்கு உண்டு. அதற்காக நாம் போடும் வேலி, மிருகத்துக்கும் மனிதருக்கும் தூரத்திலேயே கண்ணில் படும் வேலியாக இருக்கட்டும். நாம் வளர்க்கும் பிள்ளைகள் அந்தப் பாத்திகளுக்கு இடையில் கீழே பார்க்காமல் ஓடி விளையாட வேண்டும்.