லிமோஜ் நகரில் ஏழு மாதங்கள்



பணியை நாடிப் பிற ஊர் சேர்தல் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிறந்த தோழியர் இருவர் நாங்கள். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி பயின்றபின், 2022 அக்டோபர் முதல் 2023 ஏப்ரல் முடிய, பிரான்சு நாட்டின் லிமோஜ் நகரில் ஆங்கில மொழித் துணையாசிரியர்களாகப் பணியாற்றினோம். அங்கு நிலைகொண்ட வகையையும், அவ்வூர் எங்களுக்கு உணர்த்திய செய்தி ஒன்றையும் இங்கே எழுத விழைகின்றோம்.

பாரிசின் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் இரயிலேறினால், மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலான பயணம். வியன் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில், அருகிலுள்ள செந்த் இரியே என்னும் இடத்தில் வெண்களிமண் கிடைத்தது முதல் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எங்கள் பள்ளிப் பணி வாரம் 12 மணி நேரமே. இலக்கணம் கற்பித்தலும் மதிப்பெண் இடுதலும் ஆசிரியர் கடமை. மாணவரை வாய் திறந்து பேசச் செய்வதே துணையாசிரியர் கடமை.

வீடு தேடுதலே முதற் சோதனை. வீட்டுக்காரர் வங்கிக் கணக்கைக் கேட்பார். வங்கியோ வீட்டு முகவரியைக் கேட்கும். இவற்றோடு, அந்நாட்டில் வருவாய் உள்ள ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். முன்பின் அறியாத எங்களுக்குப் பிணை நிற்பவர் யார்? இளைஞர்க்குக் கட்டணமின்றிப் பிணை நிற்கும் 'விசால்' என்னும் திட்டம் ஒன்று உண்டு. அதனைக் காட்டியும் இருவர் வீடு தர மறுத்தனர். ஒன்பதாம் நாள், கணவரை இழந்த முதிய அம்மையார் ஒருவர் தம் மாடியறைகளை எங்களுக்கு அளித்தார். முதற் சம்பளம் மாத இறுதியிலேயே கைக்கு வரும். ஆதலின் செல்ல விரும்புவோர் இரண்டு மாதச் செலவுக்குரிய பணத்துடன் செல்லுதல் நலம். நாட்டினுள் நுழைந்த மூன்று மாதங்களுக்குள் விசாவை இணையவழி பதிவு செய்து உறுதிப்படுத்துதலும் வேண்டும்.

கடையில் நுழைந்தவுடன் 'போன்ஷூர்' என வணங்கிய பின்னரே வேண்டுவதைக் கேட்டல் அவ்வூர் மரபு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைபட்டிருக்கும். அரிசியும் பருப்பும் எளிதிற் கிடைத்தன. புளியும் கறிவேப்பிலையும் வேண்டியபோது, விடுமுறையில் பாரிசுக்குச் சென்று, லா ஷப்பெல் பகுதியில் இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளில் வாங்கி வந்தோம். அங்கே "என்ன பிள்ளை வேணும்?" என்ற குரலைக் கேட்டபோது எங்களுக்குக் கண் கலங்கிற்று.

பள்ளியில் எங்கள் மாணவர் பதினைந்து, பதினாறு வயதினர். ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதுவோரும் பேச நாணினர். எனவே பாடநூலை மூடி வைத்து, அவர்கள் அறிந்ததையும் நாங்கள் அறியாததையும் கேட்கலானோம். 1993-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கூடைப்பந்துக் குழு அவ்வூரினது. ஒரு மாதம் முழுதும் வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவன், அவ்வாட்டத்தின் விதிகளை எங்களுக்கு விளக்க எழுந்து, பிழை மலிந்த ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேசினான். நாங்கள் இடைமறித்துத் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவனே முதலிற் கை தூக்கினான்.

மாலை வேளைகளில் வீட்டுக்கார அம்மையாருடன் உரையாடுவோம். நாங்கள் தொலைபேசியில் எங்கள் அன்னையரோடு தமிழிற் பேசுவதை அவர் உற்றுக் கேட்பார். ஒருநாள் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். அவ்வட்டாரத்தின் பழைய மொழி, ஒக்சிதான் மொழியின் கிளையாகிய லிமூசேன். இடைக்காலத்தில் துருபதூர் என்னும் பாவலர் பாடிய மொழி ஒக்சிதான். 1882-இல் பிரான்சில் கட்டாயக் கல்வி வந்தது, பள்ளிமொழி பிரெஞ்சாயிற்று. பல வட்டாரங்களில் தாய்மொழி பேசிய சிறுவர் வகுப்பில் தண்டனை பெற்றனர். அந்த அவமானம் தம் மகளுக்கு வேண்டா என எண்ணிய பெற்றோர், தமக்குள் லிமூசேனிலும் மகளிடம் பிரெஞ்சிலுமே பேசினர். இன்று அம்மொழியை அழிவுநிலை மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ குறித்துள்ளது.

"முதுமையில் என் தாய் பிரெஞ்சை மறந்து, லிமூசேனில் மட்டுமே பேசினார். எனக்கு எல்லாம் புரிந்தது, ஆனால் மறுமொழி சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை" என்றார் அம்மையார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நம் இல்லங்களிலும் பாட்டி தமிழிற் கேட்க, பேரன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை சொல்வதைக் காண்கின்றோம். அவர்கள் பெற்றோரும் மகவின் நலம் கருதியே அவ்வாறு விட்டனர். அவர்களைக் குறை கூறல் எம் நோக்கமன்று. சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்பு எழுத்தறிவைத் தரும். பேச்சோ வீட்டில் வரவேண்டியது. பிள்ளை தட்டுத் தடுமாறிப் பேசுங்கால் நகையாமலும், உடனே திருத்தாமலும் செவிமடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தாற் போதும்.

தில்லிக்குத் திரும்பியபின், எங்கள் குடியிருப்பின் தமிழ்ச் சிறுவர் எழுவரைச் சனிக்கிழமை மாலைகளில் கூட்டி வைக்கின்றோம். கிரிக்கெட் ஆட்டத்தை எங்களுக்குத் தமிழில் விளக்குவதே அவர்கள் வேலை. பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொல்கின்றனர். சென்ற மாதம் ஒரு சிறுமி, தன் பாட்டியையும் உடன் அழைத்து வந்தாள்.