செருப்பு அலமாரி பக்கத்துல நாய்ப் படம் ஒட்டுற பிள்ளைங்களைப் பத்தி



தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு நம்ம கோவில் செருப்பு அலமாரி பக்கத்துல நாய்ப் படம் ஒட்டியிருக்கிறதைப் பத்தி வாட்ஸ்அப் குரூப்ல நிறைய பேர் கேட்டுட்டீங்க. சிலர் கோபமாவே கேட்டீங்க. அதுக்கு நிர்வாகம் பதில் சொல்லும். நான் பூ கட்டுற பகுதியில இருக்கிறவ. பார்த்ததை மட்டும் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். போன வருஷம் முதல் படம் ஒட்டினப்போ "கோவில்ல நாய் விளம்பரமா?"ன்னு முணுமுணுத்தது நான்தான். அன்னிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்தி, மிளகு தீபம் ஏத்தி, அவர் பின்னால நிக்கிற நாய்க்கும் சேர்த்து செவ்வரளி வெச்சது இந்தக் கைதான். கார் பார்க்ல படுத்திருந்த நாயை ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சு விரட்டினதும் இதே கைதான்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வேன் ஓட்டுற அண்ணனுக்கு முதுகு வலி. "ஆன்ட்டி, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"ன்னு இளைஞர் பகுதிப் பொண்ணு வந்து நின்னா. காலேஜ் படிக்கிற பொண்ணு, கண்ணைப் பார்த்துப் பேசும். மாட்டேன்னு சொல்ல வாய் வரல.

டவுனுக்கு வெளியே ஒரு நாய்க் காப்பகம். சிமெண்ட் தரை, கம்பி வலை, டெட்டால் வாடை. காது கிழியுற மாதிரி குரைப்பு. வர்றவங்க எல்லாம் முன் கூண்டுலயே நின்னுடுவாங்க. குட்டிங்க அங்கதான். பின் வரிசைக்குப் போனா சத்தம் குறையும். அங்க இருக்கிறதெல்லாம் எட்டு வயசு, பத்து வயசு. ஆள் வந்தாக்கூட எழுந்திருக்காதுங்க. முகம் நரைச்சிருக்கும். சிலதுக்கு கண்ணுல புரை. பெரும்பாலும் ஒரு காலத்துல வீட்டுல வளர்ந்ததுங்கதான். "உட்காரு"ன்னா உட்காருது, கை கேட்டா கை கொடுக்குது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க இல்லையா?

நம்ம பிள்ளைங்க நேரா பின் வரிசைக்குத்தான் போனாங்க. ஆளுக்கு ஒரு நாய், ஒரு மணி நேரம். சும்மா பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. அது தானா வந்து மோந்து பார்த்த பிறகுதான் போட்டோ. கம்பிக்குப் பின்னால எடுக்கக் கூடாதாம், கைதி மாதிரி தெரியுமாம். கறுப்பு நாய்னா நிழல்ல எடுக்கணும், வெயில்ல முகமே விழாதாம். இதெல்லாம் எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

படத்துக்குக் கீழே எழுதுறதுல பொய் கிடையாது. "வயசு பத்து. இடது கண் மங்கல். இடி சத்தத்துக்குப் பயப்படும். பூனை ஆகாது. ராத்திரி ஒரு தடவை வெளியே கூட்டிட்டுப் போகணும்." இப்படி எழுதினா யாரும்மா எடுப்பாங்கன்னு கேட்டேன். "தெரிஞ்சு எடுக்கிறவங்க திருப்பிக் கொண்டுவந்து விட மாட்டாங்க ஆன்ட்டி"ன்னா.

அது மட்டுமில்ல. கொசுவால வர்ற இதயப் புழுவுக்கு ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு பார்க்கிறது, பல்லு சுத்தம் பண்றது, எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் கொடுக்கிறாங்க. வீட்டுக்கு நேர்ல போய் கேட் பூட்டுதா, அடுக்குமாடின்னா மேனேஜ்மெண்ட் அனுமதிக்குதான்னு கேட்கிறாங்க. முதல் ரெண்டு வாரம் பழகிப் பார்க்கத்தான். நகராண்மைக் கழக லைசென்ஸ் எடுக்கிறதுக்கும் கூடவே போறாங்க. நம்ம வீட்டு மாப்பிள்ளை பார்க்கிறப்போ இவ்வளவு விசாரிச்சோமான்னு தெரியல.

அங்க அந்தப் பொண்ணு கேட்டா, "ஆன்ட்டி, நீங்க நாய் வளர்த்திருக்கீங்களா?" இல்லைன்னு சொல்லிட்டேன்.

அந்த வாரம் குருக்கள் ஐயா பைரவர் சந்நிதியில மகாபாரதம் சொன்னார். தர்மர் கடைசியில நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு நின்ன கதை எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னது ஆதி பர்வத்துல வர்ற சரமைங்கிற தேவலோக நாயோட கதை. ஜனமேஜயன் யாகத்துல அவன் தம்பிங்க சரமையோட குட்டியை அடிச்சு விரட்டிடறாங்க. குட்டி யாகப் பொருளைத் தொடக்கூட இல்ல. அம்மா நாய் வந்து, என் பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சுன்னு கேட்குது. யாரும் பதில் சொல்லல. சொல்ல பதில் இருந்தாத்தானே. அப்போதான் சாபம் விழுது. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல.

2011ல தாமான் வீட்டை வித்து அபார்ட்மெண்டுக்குப் போனோம். அங்க நாய்க்கு அனுமதி இல்ல. எங்க மணிக்கு அப்ப ஒன்பது வயசு. நானும் வீட்டுக்காரரும் ஒரு காப்பகத்துல விட்டுட்டு வந்தோம். கொஞ்சம் பணமும் கொடுத்தோம். "மாமா தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்"னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். திரும்பிப் போய் பார்க்கவே இல்ல. 2018ல மறுபடி தரை வீட்டுக்கு வந்தோம். அப்பவும் போகல.

மூணு மாசம் முன்னால ஒரு தாத்தா படத்தைப் பார்த்துட்டு வந்தார். பால்மரம் சீவினவர், மனைவி தவறிட்டாங்க, தனியா இருக்கார். குட்டி நாய் வேணுமான்னு யாரோ கேட்டதுக்கு, "குட்டி பதினஞ்சு வருஷம் இருக்கும்மா. நான் இருக்கணுமே. கிழடா ஒண்ணு குடு"ன்னார். பின் கூண்டு பிளாக்கியைக் காட்டினாங்க. பத்து வயசு.

ஆனா இந்தப் பிள்ளைங்க பாரத்துல ரெண்டாவது பேர் ஒண்ணு வேணும். எடுக்கிறவரால முடியாமப் போனா யார் பார்த்துக்குவாங்கன்னு. தாத்தாவோட மகன் சிங்கப்பூர்ல, எச்டிபி வீட்டுல. தாத்தா பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னார். நான் போய் என் பேரை எழுதினேன். எழுதிட்டு அந்தப் பொண்ணுகிட்ட மணியைப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாளோ, ஆறுதல் சொல்லுவாளோன்னு பார்த்தேன். பாரத்தை என் பக்கம் திருப்பி, "ஐசி நம்பரும் போடுங்க ஆன்ட்டி"ன்னா. அவ்வளவுதான்.

போன மாசம் தாத்தா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. பிளாக்கி இப்போ எங்க வீட்டுல. முதல் நாலு நாள் சாப்பிடல, கேட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. மணியும் அங்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் தாத்தா வார்டுலேர்ந்து வீடியோ கால் பண்ணுவார். படம் இதுக்குத் தெரியுதோ இல்லையோ, குரல் கேட்டதும் வாலை ஆட்டுது. அதுக்கு அப்புறம்தான் தட்டுப் பக்கம் போகும். தாத்தா தேறி வந்ததும் கொண்டுபோய் விடணும். எங்க வீட்டுக்காரர் இப்பவே முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறார், அது வேற கதை.

வர்ற தேய்பிறை அஷ்டமிக்கு பின் வரிசையிலேர்ந்து நாலு படம் ஒட்டுறாங்க. அபிஷேகம் முடிஞ்சு செருப்பு போடுறப்போ ஒரு நிமிஷம் நின்னு படிச்சுப் பாருங்க. எடுக்க முடியாதவங்க ரெண்டாவது பேரா கையெழுத்துப் போடலாம். வேன் நான் ஓட்டுறேன்.