ரெட்டியார்சத்திரத்தில் கேட்ட ‘டக் டக்’

திண்டுக்கல் மலைக்கோட்டையை முதுகுப் பக்கம் விட்டுவிட்டுப் பழனி சாலையில் மேற்கே புறப்பட்டால், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ரெட்டியார்சத்திரம் வந்துவிடும். பெயரே சொல்கிறது, வழிப்போக்கர்களுக்கென்று ஏற்பட்ட ஊர் என்று. தைப்பூச காலத்தில் பார்க்கவேண்டும். பழனி ஆண்டவனை நோக்கி நடக்கிற வரிசைக்கு முடிவே இராது. பக்கத்துக் குன்றின்மேல் கோபிநாத சுவாமி. ஆடு மாடு சுகமாய் இருக்கவேண்டுமென்று குடியானவர்கள் வேண்டிக்கொள்வது இவரிடம்தான். கார்களுக்கென்று தனியாக ஒரு சுவாமி ஏற்படாத குறையைச் சாலையோரத்து மெக்கானிக்குகள் தீர்த்து வைக்கிறார்கள்.

இதே சாலை பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் போய்ச் சேருகிறது. அங்கேயும் கேரளத்துச் சாலக்குடியிலுமாக ஒரு கம்பெனி, ‘லவ்பேர்ட்’ என்ற மின்சாரக் காரை 1993-லேயே வெளியிட்டது. இருவர்தான் உட்காரலாம், மேட்டைக் கண்டால் திணறும், அதிகம் விற்கவில்லை. இன்றைக்கு வருகிறவை அப்படியல்ல. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓசைப்படாமல் பறக்கின்றன. அந்த ஓசைப்படாமைதான் தொந்தரவு!

நண்பர் ஒருவர் தாயார், மனைவி, குழந்தையுடன் பழனிக்குப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். மின்சாரக் கார். ரெட்டியார்சத்திரத்து வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று ஒரு சப்தம். நண்பரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. “பாட்டரிதான் என்னவோ பண்ணுகிறது. திரும்பிவிடலாம்” என்றார். லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று நண்பருக்கு யோசனை.

நல்ல வேளையாக ஒரு பட்டறை கண்ணில் பட்டது. அதன் மெக்கானிக்குக் கேள்விகளில்தான் நம்பிக்கை. “நேர் ரோட்டிலே கேக்குதா தம்பி? மேடு பள்ளத்திலே மட்டுமா? ஸ்டியரிங்கை ஒடிச்சா? பிரேக்கை மிதிச்சா சத்தம் நிக்குதா?”

“மேடு பள்ளத்தில்தான், அண்ணே. மின்சார வண்டி...”

“கரண்டு எங்கே தம்பி ‘டக் டக்’னு தட்டப் போகுது?”

முதலில் டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். பாதி வண்டிகளில் ஜாக்கியோ தேங்காய் மூட்டையோதான் குற்றவாளியாம். எங்கள் விஷயத்தில் இல்லை. பிறகு வண்டியை வேகத்தடையில் ஊர்ந்து ஏறவிட்டு, கூடவே குனிந்து நடந்தார். அப்புறம்தான் ஜாக்கி. அதை வைத்த இடத்தைக் கவனித்தேன்: கதவுக்குக் கீழே கம்பெனி குறித்திருக்கும் இடத்தில் மட்டும். நடுவில் பாட்டரி இருக்கிறது. அதன்மேல் ஜாக்கியை ஊன்றினால் வந்தது வினை.

கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பிப் பால் ஜாயிண்டைப் பார்த்தார். ஆடவில்லை. “இது ஆடியிருந்தா வண்டியை இங்கேருந்து நகர்த்தவே விடமாட்டேன். கழண்டா சக்கரம் சாஞ்சிரும்” என்றார். பின் சீட்டுத் தாயாரை நினைத்து நண்பர் பெருமூச்சு விட்டார். அடுத்து லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினார். ‘டக் டக்!’ அதன் முனையிலுள்ள குண்டு தேய்ந்து போயிருந்தது.

பெட்ரோல் காரில் என்ஜின் என்பது தவில் மாதிரி. அது முழங்கும்போது ஜால்ராக்காரர் தப்புவது யார் காதில் விழும்? தவிலை எடுத்துவிட்டால் சின்னத் தப்பெல்லாம் கேட்கும். போதாக்குறைக்கு, பாட்டரி மட்டுமே 250, 300 கிலோ கனக்கும். அந்தக் கனத்தின் குலுக்கலையும் வாங்கிக்கொள்வது அதே ரப்பர் புஷ்களும் லிங்க் ராடுகளும்தானே!

எங்கள் காரின் பெட்ரோல் ஜோடிக்கும் அதே லிங்க் ராடுதான். பாகத்தின் எண்ணை ஒத்துப் பார்த்துத் திண்டுக்கல்லுக்குப் பையனை அனுப்பினார். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கமும் அந்த வயசுதான் என்று ஜோடியாக வாங்கிவரச் சொன்னார்.

அவன் வருவதற்குள் அவர் சொன்னவை நேயர்களுக்கும் பயன்படலாம். பொத்தானை அமுக்கியதும் ஒரு தரம் ‘டக்’ என்றால் பயப்படாதீர்கள். பாட்டரியை இணைக்கும் சுவிட்சின் சப்தம் அது. முன்னே போய்ப் பின்னே எடுக்கும்போது சக்கரத்தருகே ஒரு ‘டிக்’ வந்தால், ஆக்ஸில் பல் உலர்ந்திருக்கலாம். கிரீஸ் வைத்து, புது நட்டுப் போட்டுக் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக டக’ என்றால் ஆக்ஸில் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுபோகிற சப்தம் டிஸ்க் பேடுடையது. ஆக்ஸிலேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் ‘தொம்’ என்றால் மோட்டாரைத் தாங்கும் ரப்பரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஆரஞ்சு நிறக் கேபிளை மட்டும் நீங்களும் தொடவேண்டாம், தெருவோர மெக்கானிக்கும் தொடவேண்டாம். பல கார்களில் அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல்! சப்தத்தோடு எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் கம்பெனிப் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

லிங்க் ராடுகள் வந்தன. அரை மணியில் மாட்டியாயிற்று. அதே வேகத்தடையில் ஏறி இறங்கினோம், கப்சிப். தாயார் முன்னே சாய்ந்து, “ஏண்டா, வண்டி கிளம்பிவிட்டதா?” என்று கேட்டார்.

“வர்றப்போ நில்லுங்க தம்பி, நட்டை ஒரு தடவை பார்த்துடறேன்” என்றார் மெக்கானிக். மறுநாள் நிறுத்தினோம். ஒரு நட்டு கால் சுற்று ஏறிற்று. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.