சிலுவைக்குக் கீழே ஒரு தேசியப் பள்ளி

பட்டர்வொர்த் படகுத்துறையில் அன்று சனிக்கிழமைக் கூட்டம் அதிகமில்லை. அக்கா மகளும் நானும் ஃபெரியின் ஓரமாக நின்றுகொண்டோம். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு முதலாம் படிவம். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இடைநிலைப்பள்ளிகள் உள்ளன. ஒன்று வழக்கமான தேசிய இடைநிலைப்பள்ளி, மற்றொன்று கான்வென்ட். கான்வென்ட்டில் இடம் கேட்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். அத்தானுக்கு அதில் நம்பிக்கையில்லை. “சிஸ்டருங்க எல்லாம் போயி எத்தனை வருசமாச்சு? பேருதான் கான்வென்ட். உள்ள எல்லாம் ஒண்ணுதான்” என்கிறார்.

ஒரு வாரமாக இந்தப் பேச்சு ஓயவில்லை. கடைசியில் அக்கா, “நான் படிச்ச ஸ்கூலையாவது அவளுக்குக் காட்டிட்டு வா தம்பி” என்று எங்களை அனுப்பி வைத்தார். அக்கா படித்தது ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் கான்வென்ட்டில். தினமும் இதே கடலைக் கடந்து போய் வந்தவர்.

படகுத்துறையிலிருந்து நடந்தே போனோம். கோட்டையையும் திடலையும் நகர மண்டபத்தையும் கடந்தால் லைட் ஸ்திரீட் முடியும் இடத்தில், கடலை ஒட்டி அந்த நீண்ட வளாகம் வருகிறது. 1852-இல் பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் பினாங்கில் தொடங்கிய பள்ளி இது. நாட்டின் மிகப் பழைய பெண்கள் பள்ளி. வளாகத்துக்குள் இருக்கும் ‘கவர்மென்ட் ஹவுஸ்’ பிரான்சிஸ் லைட் காலத்துக் கட்டடம். ஜப்பானியர் ஆட்சியில் இங்கே மாணவிகளுக்குப் பதில் கைதிகள் இருந்தார்கள். 1943-இல் பிடிபட்ட ‘கிரெனடியர்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். சுவரில் அவர்கள் கீறி எழுதிய பெயர்களைப் பள்ளி பிற்பாடு பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

“உள்ள போக முடியாதா மாமா?” என்றாள்.

முடியவில்லை. அக்கா படித்த அந்த அரசு உதவிபெறும் பள்ளி இப்போது இல்லை. நிலமும் கட்டடமும் கன்னியர் சபைக்குச் சொந்தம். அங்கே பள்ளியைப் படிப்படியாக நிறுத்தி வளாகத்தைத் திரும்பப் பெறப்போவதாக 2017-இல் செய்தி வந்தபோது முன்னாள் மாணவிகள் பலர் கலங்கிப் போனார்கள். புதிய மாணவிகளைச் சேர்ப்பது நின்றது. இருந்தவர்கள் படித்து முடித்து வெளியேறினார்கள். 165 ஆண்டுகள் கடந்த ஒரு பள்ளி அப்படித்தான் முடிந்தது.

சாலையோரத்தில் நின்றபடி அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளக்குவது எளிதாக இல்லை. மிஷன் பள்ளியில் நிலம் திருச்சபைக்கோ துறவற சபைக்கோ சொந்தம். ஆசிரியர்களை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அரசு. பாடத்திட்டமும் தேர்வும் கல்வியமைச்சின் கையில். வீடு ஒருவருக்குச் சொந்தம், சமையல் இன்னொருவர் பொறுப்பு என்பது போன்ற ஏற்பாடு. தீபகற்பத்திலும் சபா, சரவாக்கிலுமாகச் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட கிறிஸ்துவ மிஷன் பள்ளிகள் நாட்டில் உள்ளன. அவற்றில் பெரும் பகுதி இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

சற்றுத் தள்ளி ஃபார்குவார் சாலையில் விண்ணேற்பு அன்னை ஆலயமும் அதை அடுத்து செயிண்ட் சேவியர் பள்ளியும் இருக்கின்றன. அதுவும் 1852-இல் பிறந்தது. லாசால் சபைச் சகோதரர்கள் நடத்திய ஆண்கள் பள்ளி. பழைய கட்டடம் 1945-இல் குண்டுவீச்சில் அழிந்தது. இப்போது நாம் பார்ப்பது 1954-இல் எழுந்தது. வழக்கறிஞர் கர்ப்பால் சிங் படித்த பள்ளி இது.

பள்ளியின் பெயரில் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. புனித பிரான்சிஸ் சேவியர் 1545-இல் மலாக்காவுக்கு வருவதற்கு முன் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். தமிழ் தெரியாமல் வந்தவர், செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். மீனவக் கிராமங்களில் கைமணியை அடித்துக்கொண்டே நடந்து பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளின் மொழியில் பேசாமல் எதையும் கற்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது அக்காவின் பள்ளித் தோழி ஒருவரும் அவர் மகனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தோழி கத்தோலிக்கத் தமிழர், இப்போது ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. மகன் வேறொரு மிஷன் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறான். அத்தானின் கேள்வியை நான் அப்படியே அவர்களிடம் வைத்தேன்: பெயர் மட்டும்தானா?

“ஒரு நாள் எப்படிப் போகும்னு இவனையே கேளுங்க” என்றார் டீச்சர்.

தம்பி சொன்னதைக் கேட்டால் அத்தான் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். திங்கட்கிழமை சபைகூடலில் நெகாராகூ, மாநிலப் பாடல், ருக்குன் நெகாரா உறுதிமொழி, பிறகு பள்ளிப் பாடல். வெள்ளைச் சட்டை, பச்சைக் காற்சட்டை. மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு என எல்லாப் பள்ளிகளிலும் உள்ள அதே பாடங்கள், அதே எஸ்.பி.எம். தேர்வு. சமயப் பாட நேரம் வந்தால் முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகிறார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் நன்னெறிக் கல்வி. கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் கத்தோலிக்க மாணவனும் அந்த நன்னெறி வகுப்பில்தான் உட்காருகிறான். அவன் மறைக்கல்வி கற்பது ஞாயிற்றுக்கிழமை கோயிலில்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, உதவிபெறும் பள்ளியின் நிர்வாகக் குழு விரும்பினால் பிற சமயப் போதனை நடத்தலாம். ஆனால் அதற்கு அரசுப் பணம் செலவாகக் கூடாது. மாணவர் தம் சமயம் அல்லாத வேறொரு சமயப் போதனையில் கலந்துகொள்வதானால், பெற்றோர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்கவும் வேண்டும்.

“பெரிய வெள்ளிக்குக்கூட லீவு இல்ல அங்கிள்” என்றான் தம்பி. அந்த நாள் சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை. தீபகற்பத்தில் இல்லை. பள்ளி தனியாக விடுமுறை அளித்தால் ஒழிய, கூரையில் சிலுவை உள்ள பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் அவன் கோயிலுக்குப் போக வேண்டும். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அப்படியானால் மிஞ்சியிருப்பது என்ன? டீச்சர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

“சிஸ்டருங்க இருந்தப்போ யாரு எந்த வீட்டுப் பிள்ளைன்னு அவங்களுக்குத் தெரியும். சாப்பிடாம வந்தவ யாரு, பஸ் காசு இல்லாதவ யாருன்னு தெரியும். அது பாடத்திட்டத்துல வராது. ஸ்கூலுக்கு மாற்றலாகி வர்ற டீச்சர், அங்க மூத்தவங்க செய்றதப் பார்த்துக் கத்துக்கணும். பார்க்க ஆள் இருக்கிற ஸ்கூல்ல அது இன்னும் இருக்கு. ஆள் இல்லாத ஸ்கூல்ல சிலுவை மட்டும்தான் இருக்கு.”

குழந்தை இயேசு சபைப் பள்ளிகளுக்கு ஒரு பொதுவான குறிக்கோள் வாசகம் உண்டு: நற்பண்பில் எளிமை, கடமையில் உறுதி. அக்கா அதை இன்றும் ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். அக்கா இந்து. வீட்டில் முருகன் படம், ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் ஒரு மெழுகுவத்தி. இரண்டும் அவருக்கு முரணாகத் தெரிந்ததே இல்லை. நம்மில் பல குடும்பங்கள் அப்படித்தான். மதம் மாற்றுவார்கள் என்ற பயம் எங்கள் பாட்டிக்கு இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து அக்கா வீட்டுக்குக் கொண்டு வந்ததெல்லாம் ஆங்கிலமும், யார் முன்னாலும் நிமிர்ந்து நின்று பேசும் துணிச்சலும்தான்.

அந்த ஆங்கிலமும் இப்போது பள்ளியின் தனிச்சொத்து இல்லை. 1970-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, ஆங்கிலவழிப் பள்ளிகள் மலாய்மொழிக்கு மாறின. மிஷன் பள்ளிகளும் அப்படியே மாறின. முன்பு ஆங்கிலத்துக்காகவே கான்வென்ட்டைத் தேடிய பெற்றோரில் வசதி உள்ளவர்கள் இன்று அனைத்துலகப் பள்ளிகளைத் தேடுகிறார்கள். லாசால் சபையின் பெயரிலேயே பெட்டாலிங் ஜெயாவில் அப்படி ஒரு பள்ளி இயங்குகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காகத் தொடங்கப்பட்ட சபை அது. கட்டணப் பள்ளியின் வருமானம் பணிக்கு உதவும் என்பது ஒரு பக்க நியாயம். கட்டணம் கட்ட முடியாத நம் பிள்ளைகளுக்கு எந்த வாசல் என்பது மறுபக்கக் கேள்வி.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இதே கதையின் வேறொரு முடிவைப் பார்க்கலாம். பினாங்குக்கு வந்த கன்னியர்கள் 1854-இல் விக்டோரியா ஸ்திரீட்டில் தொடங்கிய கான்வென்ட் கட்டடம்தான் இன்றைய ‘சைம்ஸ்’ உணவக வளாகம். பிராஸ் பசாவில் இருந்த செயிண்ட் ஜோசப் பள்ளியின் பழைய கட்டடம் கலைக்கூடமானது. அங்கே கட்டடங்கள் கைமாறினாலும் பள்ளிகள் வேறிடம் போய் உயிரோடு இருக்கின்றன. கோலாலம்பூரில் 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021-இல் காலாவதியாகும் நிலை வந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் குத்தகை 60 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. லைட் ஸ்திரீட்டில் இல்லாமல் போன பள்ளி அங்கே பிழைத்தது. பழைய பள்ளிதானே, எப்போதும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

“தமிழ் இருக்கா டீச்சர்?” என்று அதுவரை பேசாமலிருந்த அக்கா மகள் கேட்டாள்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார் டீச்சர். “அது உங்க அம்மா அப்பா கையிலதான் இருக்கும்மா” என்றார். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தப்பட வேண்டும். அதே கல்விச் சட்டம்தான் அதையும் சொல்கிறது. ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டும். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். பஸ் போய்விடும், டியூஷன் இருக்கும், பசிக்கும். முதலாம் படிவத்தில் பெயர் கொடுத்தவர்கள் மூன்றாம் படிவத்தில் பாதியாகிவிடுவார்கள் என்றார். எஸ்.பி.எம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் எழுத வேண்டிய நேரத்தில் மிஞ்சுவது சில பேர்.

“ஸ்கூல் நல்லதான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஸ்கூலுக்கு வந்து போறீங்களான்னு நாங்க கேக்கணும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நம்ம ஆளுங்க எத்தனை பேரு வர்றாங்க? கூரை ஒழுகினா முன்னாள் மாணவருங்கதான் காசு திரட்டுறாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம பேரு எத்தனை?” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் இருபது ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

எனக்கு அத்தானின் கேள்விக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. பெயர் மட்டும்தானா என்றால், பாதி ஆம். கால அட்டவணையில் கத்தோலிக்கம் இல்லை. துறவியர் பெரும்பாலும் இல்லை. அவர்கள் விட்டுப் போன பழக்கங்களில் சில இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது இனி அங்கே பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களின் வேலை. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காரும் பள்ளி வேண்டும் என்றால், அதில் தமிழும் இருக்க வேண்டும் என்றால், பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போனால் மட்டும் போதாது.

திரும்பும் ஃபெரியில் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எங்க வகுப்புல இருந்து நாலு பேரு கான்வென்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க மாமா. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில இருந்து எத்தனை பேருன்னு தெரியல. அப்பாவ கேக்கச் சொல்லலாமா?”

அத்தானுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துல எனக்கு ஒருத்தரத் தெரியும். ராத்திரி கூப்பிட்டுப் பாக்குறேன்” என்றார்.

நாலு போக, இன்னும் பதினொன்று வேண்டும்.